எந்த ரோட்டுக்கு?

உங்களிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா வாங்கியது. அல்லது மாமனார் கொடுத்தது. விற்க மனசு வரவில்லை. புதுசாகப் பெயின்ட் அடித்து, சீட் கவர் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கிறீர்கள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் பானெட்டைத் தட்டி, 'இரும்புன்னா இது இரும்பு!' என்கிறார். எல்லாம் சந்தோஷம்தான்.

ஆனால் சிக்னல் விழுந்ததும், பக்கத்தில் நின்ற ஸ்விஃப்ட் 'சர்ர்'ரென்று போய்விடுகிறது. நீங்கள் இன்னும் செகண்ட் கியரில் உறுமிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த வாரம் ஒர்க் ஷாப்பில் ஒருவர் உங்கள் காதில் ஓதுகிறார். 'சார், இந்த இன்ஜினுக்கு வேற கேம்ஷாஃப்ட் ஒண்ணு போட்டுப் பாருங்க. பறக்கும்!'

போடலாமா, கூடாதா?

'எங்கிட்ட காரே இல்லை, எனக்கெதுக்கு இது?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கார் ஒரு சாக்குதான். ஒன்றை 'முன்னேற்றுவது' என்கிறோமே, அது உண்மையில் என்ன? யாருக்காக? எதை விட்டுக்கொடுத்து? நம் வீட்டிலும் ஆபீஸிலும் தினமும் மல்லுக்கட்டுகிற இந்தக் கேள்விக்கு, ஒரு முழ நீள இரும்புத் தண்டு ரொம்பத் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது.

முதலில் அந்தத் தண்டைப் பார்த்துவிடுவோம்.

இன்ஜின் என்பது மூச்சு விடுகிற மிருகம். பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது. அமுக்குகிறது. எரிக்கிறது. புகையை வெளியே தள்ளுகிறது. உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. அந்தக் கதவுகளுக்குப் பெயர்தான் வால்வு. எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு தூரம் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். தண்டு முழுக்க முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுற்றும்போது புடைப்பின் மூக்கு டாப்பெட்டைத் தூக்கும். டாப்பெட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு, ராக்கர் வழியாக வால்வைத் திறக்கும். அவ்வளவுதான் சங்கதி.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 2,000 தடவை திறந்து மூடும். அதாவது, நீங்கள் 'ஒண்ணு' என்று சொல்லி முடிப்பதற்குள் 33 தடவை!

இப்போது டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை முதல் ட்ரிப். ஸ்டாப்பில் நாலே பேர். ஏறிவிட்டார்கள். அவர் விசில் கொடுக்காமல் நின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும்? 'இந்த பஸ் இப்போதைக்குக் கிளம்பாது போல' என்று ஏறினவர்களும் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துவிடுவார்கள். அதே கண்டக்டர், அதே ஸ்டாப். காலை எட்டரை மணி. கூட்டம் அலைமோதுகிறது. இப்போது சட்டென்று விசில் ஊதினால் பாதிப் பேர் ரோட்டில் நிற்பார்கள். நாலு விநாடி தாமதித்தால் போதும். ஓடி வருகிறவர்கள் வந்த வேகத்திலேயே தொற்றிக்கொள்வார்கள்.

இன்ஜினுக்குள் நடப்பது அச்சு அசலாக இதேதான். வேகமாகச் சுற்றும்போது, உள்ளே பாய்கிற காற்றுக்கு ஓட்டத்தின் உந்துதல் இருக்கிறது. கதவைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே வந்து விழும். சக்தி கூடும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்துதல் கிடையாது. கதவைத் தாமதமாக மூடினால், மேலே ஏறுகிற பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திருப்பி வெளியே தள்ளிவிடும். இழுவை போய்விடும்.

பிரச்னை என்னவென்றால், பழைய இன்ஜினின் கண்டக்டருக்கு ஒரே ஒரு விசில்தான் தெரியும். முதல் ட்ரிப்புக்கும் அதேதான், எட்டரை மணிக்கும் அதேதான். ஏனென்றால் அது இரும்பில் செதுக்கப்பட்ட விசில்.

ரேஸ் கேம்ஷாஃப்ட் என்பது எட்டரை மணிக் கூட்டத்துக்காகவே செதுக்கியது. கதவுகள் அதிக நேரம் திறந்திருக்கும். உள்கதவும் வெளிக்கதவும் ஒரே சமயத்தில் திறந்திருக்கிற நேரமும் கூடும். இன்ஜின் 5,000 சுற்றைத் தொடும்போது சிங்கம் மாதிரி கர்ஜிக்கும். சரி, 800 சுற்றில் சிக்னலில் நிற்கும்போது? வெளியே போக வேண்டிய புகை கொஞ்சம் உள்கதவு வழியாகத் திரும்பி வந்து புது மூச்சோடு கலந்துவிடும். இன்ஜின் உடம்பு உதறும். 'டுக்...டுக்...' என்று தடுமாறும். எப்போது நின்றுபோகுமோ என்று ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது ஒரு சுவாரஸ்யமான கதை. நம்ம அம்பாசடருக்கு மூலம், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் என்பது பலருக்குத் தெரியும். அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிஎம்சி கம்பெனியின் 'பி சீரிஸ்' குடும்பம். அதே குடும்பத்து அதே 1489 சிசி இன்ஜின், 1955-ல் வந்த எம்ஜிஏ என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அங்கே இரண்டு கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரெஷன், நன்றாக மூச்சு விடுகிற சிலிண்டர் ஹெட். முதலில் 68 குதிரை சக்தி, பிறகு 72. நம் அம்பாசடரில்? சுமார் 50 குதிரைதான்.

அண்ணன் ஸ்போர்ட்ஸ்மேன், தம்பி குமாஸ்தா!

'அப்போ நம்மளை ஏமாத்திட்டாங்களா சார்?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. அந்த 50 குதிரையை என்னவெல்லாம் செய்யச் சொன்னோம் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் இரண்டு குழந்தை, டிக்கியில் பாத்திரம் பண்டம், கேரியரில் படுக்கை. இத்தனையையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வளைந்து வளைந்து ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் நின்று, மறுபடி அசையாமல் கிளம்ப வேண்டும். அங்கே உங்களுக்குத் தேவை 5,000 சுற்றில் கர்ஜனை இல்லை. 1,500 சுற்றில் முணுமுணுக்காமல் இழுக்கிற மாடு.

அந்தச் சாது இன்ஜினைச் செய்தவர்களுக்கு ரேஸ் இன்ஜின் செய்யத் தெரியாமல் இல்லை. அண்ணனைச் செய்ததும் அவர்கள்தானே? தெரிந்தேதான் அடக்கினார்கள். யார் ஓட்டப்போகிறார்கள், எந்த ஊரில், எந்தப் பெட்ரோலில் என்று அவர்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும். அந்த யாரோ ஒருவருக்காக உச்சத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். இதை நாம் 'டல்லான இன்ஜின்' என்கிறோம். எனக்கு இது ஒருவகை மரியாதையாகத் தெரிகிறது.

நான் பி.காம். படித்தவன். எந்த விஷயத்தையும் கடைசியில் கணக்குப் புத்தகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் எனக்குத் தூக்கம் வரும். 1494-ல் வெனிஸில் அச்சான ஒரு கணிதப் புத்தகத்தில் லூகா பாச்சியோலி என்ற பாதிரியார், வியாபாரிகள் வழக்கத்தில் வைத்திருந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். எங்கிருந்தும் வராமல் எதுவும் வராது. கேம்ஷாஃப்ட் இந்த விதிக்கு இரும்பில் வார்த்த உதாரணம். மேலே 20 குதிரை வரவு என்றால், கீழே எங்கேயோ பற்று இருக்கிறது. அது எந்தப் பக்கத்தில், யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

யார் பெயரில்? இதுதான் இந்தக் கட்டுரையின் நெஞ்சுப் பகுதி.

கதவுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சைலன்சர் வழியே நழுவிப் போகும். அதைச் சுவாசிப்பது நீங்கள் இல்லை, பின்னால் டூ வீலரில் நிற்கிறவர். பிரேக்குக்கு வாக்கம் பூஸ்டர் வைத்த கார்களில் இன்னொரு சங்கடம். ரேஸ் கேம் போட்டால் மெதுவாகச் சுற்றும்போது இன்ஜின் உண்டாக்குகிற வாக்கம் குறைந்துபோகும். வேகத்துக்காகப் போட்ட தண்டு பிரேக்கில் கை வைக்கிறது! காலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து வார்ம் பண்ணுகிறீர்களே, அந்தச் சத்தத்துக்கு எழுந்திருப்பது எதிர் வீட்டுக் கைக்குழந்தை.

ஆக, கர்ஜனை உங்களுக்கு. பில் அடுத்தவருக்கு.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா? பழசு பழசாகவே இருக்கட்டும் என்பதுதான் தர்மமா? அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1959-ல் அலெக் இஸிகோனிஸ் என்ற இன்ஜினியர் மினி என்ற குட்டிக் காரை வடிவமைத்தார். 848 சிசி, 34 குதிரை. குடும்பத்தோடு கடைக்குப் போய்வர ஏற்ற வண்டி. ரேஸ் கார் கட்டுகிற ஜான் கூப்பர் அதைப் பார்த்தார். 1961-ல் 997 சிசி, 55 குதிரையோடு மினி கூப்பர் வந்தது. அதன் வழியில் வந்த கூப்பர் எஸ், 1964, 1965, 1967 ஆகிய வருடங்களில் மாண்டே கார்லோ ராலியில் பெரிய பெரிய கார்களை மண்ணைக் கவ்வ வைத்தது. கூப்பர், 'பழசில் கை வைக்கக் கூடாது' என்று சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் கவனியுங்கள். அவர்கள் கேம்ஷாஃப்ட்டை மட்டும் மாற்றவில்லை. கார்புரேட்டர் இரண்டானது. கியர் விகிதம் மாறியது. முக்கியமாக, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. கூட்டின வேகத்துக்கு ஏற்ற நிறுத்தத்தையும் சேர்த்தே கூட்டினார்கள். எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்பதும் தெரிந்தே இருந்தது. பற்றுக் கணக்கை மறைக்காமல் எழுதிவிட்டு, பிறகு வரவை எழுதினார்கள்.

இங்கிலாந்தில் இன்றைக்கும் இந்தப் பழைய இன்ஜின்களுக்கு விதவிதமான கேம்ஷாஃப்ட்கள் செய்து விற்கிறார்கள். கேட்லாக்கில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை சுற்றிலிருந்து எத்தனை சுற்று வரை அது நன்றாக வேலை செய்யும் என்று அச்சடித்திருக்கும். என்ன நேர்மை பாருங்கள்! 'இதற்குக் கீழே நான் சுகப்பட மாட்டேன்' என்று பொருளே ஒப்புக்கொள்கிறது. நமக்கு வாழ்க்கையை முன்னேற்ற வழி சொல்கிறவர்கள் யாராவது இப்படி எழுதித் தருகிறார்களா?

ரேஸ் கேம் போட்டுக்கொண்ட மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டெட்லைன் நெருங்கினால் ஆள் பிரமாதம். நாலு போன், ஆறு மீட்டிங், ராத்திரி இரண்டு மணிக்கு மெயில். உச்ச சுற்றில் அவரை அடிக்க ஆளில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். கால் ஆடிக்கொண்டே இருக்கும். மனைவி பேசுவது காதில் விழாது. குழந்தை காட்டுகிற படத்தைப் பார்க்கப் பொறுமை இருக்காது. ஐடிலிங்கில் உதறுகிற இன்ஜின்! வருடத்தில் பத்து நாள் உச்சத்துக்காக மீதி 355 நாளும் தடுமாறுகிறார். பற்று எழுதியிருப்பது அவர் பெயரில்கூட இல்லை. வீட்டில் இருப்பவர்கள் பெயரில்.

'விஞ்ஞானம் இதைத் தீர்த்துடுச்சே சார்' என்று விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார். உண்மைதான். 1989-ல் ஹோண்டா கம்பெனி 'விடெக்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரே தண்டில் இரண்டு வகைப் புடைப்புகள். மெதுவாகப் போகும்போது சாதுப் புடைப்பு. வேகம் ஏறினால் ஆயில் அழுத்தத்தில் ஒரு பின் நகர்ந்து, ரேஸ் புடைப்பு பொறுப்பேற்கும். கண்டக்டருக்கு இரண்டாவது விசிலும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் பழைய இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. மனிதர்களில் சிலருக்கு இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆபீஸையும் கழற்றி வைத்துவிடுகிற புண்ணியவான்கள். நம்மில் பெரும்பாலோர் பி சீரிஸ் இன்ஜின்தான். ஒரே விசில்தான்.

ஆகவே, மாற்றுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள். எந்த ரோட்டுக்கு? பில் யாருக்கு? மூன்றாவது: திரும்பப் போட முடியுமா?

மூன்றாவது கேள்வியைப் பழைய கார் பிரியர்கள் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள். 'ஃபீவா' என்ற அவர்களுடைய சர்வதேச அமைப்பு 2012-ல் 'டூரின் சாசனம்' என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் எளிமையானது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய நிலைக்குத் திருப்பக் கூடிய மாதிரி மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வையுங்கள். வண்டி இன்று உங்கள் கையில் இருக்கிறது, நாளை இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்கும் அதில் பாத்தியதை உண்டு.

நல்ல மெக்கானிக்குகளுக்கு இன்னும் இரண்டு விஷயம் தெரியும். புதுக் கேம்ஷாஃப்ட்டோடு பழைய டாப்பெட்டைச் சேர்க்கக் கூடாது. பழைய தண்டோடு உரசி உரசி அதற்கு ஒரு தேய்மானம் படிந்திருக்கும். அது புதுசையும் சேர்த்துத் தின்றுவிடும். அடுத்தது, புதுத் தண்டைப் போட்டு இன்ஜினைக் கிளப்பியதும் முதல் 20 நிமிடம் ஐடிலிங்கில் விடக் கூடாது. 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் கிராங்க் ஷாஃப்ட் வீசியடிக்கிற ஆயில் புடைப்புகளை நன்றாக நனைக்கும். அந்த 20 நிமிடத்தில் அசட்டையாக இருந்தால் ஆயுசுக்கும் தேய்மானம். ஒரு இரும்புத் தண்டை மாற்றுவதற்கே இத்தனை ஜாக்கிரதை!

இப்போது சொல்லுங்கள். ஒன்பது வயசுப் பையனை விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, ஸ்கூலுக்கு முன்னால் ஒரு கிளாஸ், ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று 'அப்கிரேடு' பண்ணுகிறோமே, அதற்கு முன்னால் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டோமா?

எந்த ரோட்டுக்கு? எட்டு வருடம் கழித்து வரப்போகிற, மூன்று மணி நேரப் பரீட்சைக்கு. பில் யாருக்கு? மொட்டை மாடியில் பட்டம் விட வேண்டிய பையனுக்கு. கையெழுத்துப் போட்டது நாம். கட்டுவது அவன். கெட்டிக்காரப் பையன், ஓட ஆசைப்படுகிற பையன் என்றால் ஓடட்டும். தடுக்க வேண்டாம். கூப்பர் செய்த மாதிரி, கூடவே அவனுக்கு நல்ல பிரேக்கும் கொடுங்கள். தோற்றால் வீட்டில் சாதம் உண்டு என்கிற பிரேக். 'இன்னிக்கு முடியலப்பா' என்று சொல்ல உரிமை இருக்கிற பிரேக்.

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் சொல்லச் சிரமமாக இருக்கிறது.

அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றுபோனது. அப்படியும், உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய கேம்ஷாஃப்ட்டைக் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பரண் மேல் வைத்துக்கொள்ளலாம். புதுசு சரிப்படவில்லை என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் காசு போகும், அவ்வளவுதான்.

அந்தப் பையனுடைய ஒன்பது வயசை எந்தப் பரணில் வைப்பீர்கள்?